குலைப்பன் காய்ச்சலும் அரசாங்கப் பணமும்

நம் மூத்தோர் பலர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கக்கூடிய சொல் ஒன்றுண்டு. இளைஞர் அதனை அறியார். 'குலைப்பன்' என்பதே அச்சொல். உடம்பைக் குலைத்து நடுக்கிய அக்காய்ச்சலை இன்று மலேரியா என்கிறோம். வன்னிக்குச் செல்வோர் குலைப்பனோடு திரும்புவர் என்ற அச்சம் யாழ்ப்பாணத்தவர் மனத்தில் வேரூன்றியிருந்தது. குளமும் வயலும் வளமுடைய மண்ணும் இருந்தும் அந்நிலத்தில் குடிசனம் அருகியிருந்தமைக்கு இந்நோயும் ஒரு காரணமாம். இந்நோயை ஒழித்த மருந்துகளின் கதை பலரும் அறிந்தது. அதற்கு அரசாங்கம் எப்பொழுது பணம் கொடுத்தது, எப்பொழுது கையை இறுக்கிக்கொண்டது என்பதையே ஈண்டு நோக்குவோம்.

மலேரியாத் தடுப்பு வேலை குருநாகலில் 1911ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. களுத்துறையில் 1926இல் றொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. இவை நல்ல தொடக்கங்களே. எனினும் 1934இல் வந்த பெருங்கேட்டைத் தாங்க அவை போதவில்லை.

மழை மிகுந்தால் நுளம்பு மிகும் என்றே நாம் எண்ணுவோம். அவ்வாண்டு நிகழ்ந்ததோ அதற்கு மறுதலை. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓயாது ஓடும் மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணலிடையே சிறு சிறு குட்டைகளாயின. வெயில் படும் தெளிந்த, அசையாத நீரே 'அனோபிலிஸ் குலிசிபேசீஸ்' என்னும் நுளம்புக்கு ஏற்ற தொட்டில். வன்னியாருக்கு இக்காய்ச்சல் பழகியது. உடம்பில் ஓரளவு எதிர்ப்பும் இருந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் ஈரநிலக் கிராமத்தவருக்கு அவ்வெதிர்ப்பு இல்லை. போதாக்குறைக்கு, உலக வியாபார மந்தத்தால் தேங்காயும் இறப்பரும் விலை வீழ்ந்து, பல வீடுகளில் அடுப்பு எரியாத காலம் அது. 1934 ஒக்டோபரில் தொடங்கிய காய்ச்சல், அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையின் முழுச் சனத்தொகையே 53 இலட்சந்தான்.

அரசாங்கம் தற்காலிகச் சிகிச்சை நிலையங்களைத் திறந்தது, கொயினா வழங்கியது, உணவு நிவாரணமும் செய்தது. ஆயினும் தேவைக்கு முன் அவை சிறிதாயின. அவ்வேளையில் சூரியமல் இயக்கத்து இளைஞர் கேகாலைக் கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் சுமந்து சென்றனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் இருந்தனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியோரும் இவர்களே. அவர்தம் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே இருக்கலாம். அவர்கள் நடந்த வழியை இளைஞர் அறிந்திருத்தல் நன்று. இன்னொன்றும் கூறவேண்டும். 1931இல் இந்நாட்டார் அனைவரும் வாக்குரிமை பெற்றிருந்தனர். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அரசாங்க சபை அங்கத்தவர் அக்கிராமத்தாரிடமே வாக்குக் கேட்டுச் செல்லவேண்டியிருந்தது. கிராமங்களுக்கு வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பெருகியதற்கு இரக்கம் மட்டுமே காரணமென்று நாம் நம்புவதற்கில்லை.

யுத்தம் முடிந்த கையோடு டி. டி. ரி. வந்தது. 1945இல் சோதனையாகவும், அடுத்த ஆண்டு முதல் நாடு முழுவதற்குமாகவும் வீட்டுச் சுவர்களின் உட்புறத்தில் அது தெளிக்கப்பட்டது. குருதி குடித்த நுளம்பு சுவரில் அமர்ந்து இளைப்பாறும். அங்கே ஒட்டிய மருந்து மாதக்கணக்கில் அதனைக் கொல்லும். தெளித்த சுவரைச் சாணியிட்டு மெழுகிவிட்டால் மருந்து மறைந்து பயனற்றுப் போகும். ஆதலின் மருந்தோடு வீட்டாரின் மனத்தையும் வெல்ல வேண்டியிருந்தது. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 ஆகக் குறைந்தது. இதில் டி. டி. ரி.க்கு எவ்வளவு பங்கு, உணவுக்கும் வைத்தியசாலைகளுக்கும் எவ்வளவு என்று அறிஞர் நெடுங்காலம் வாதாடினர். அந்தப் பல திறத்துச் செலவும் ஒருங்கே செய்யப்பட்டது என்பதே நமக்கு வேண்டுவது.

1958இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் கண்ட நோயாளர் 17 பேர். அவர்களுள்ளும் 11 பேர் வெளிநாட்டில் நோய் தொற்றி வந்தோர். எஞ்சியோர் அறுவரே!

இவ்விடத்தில்தான் கதை திரும்புகிறது. பதினேழு நோயாளருக்காக ஒரு படை ஊழியரும், பீப்பாய் பீப்பாயாக மருந்தும், ஊரூராய்க் காய்ச்சற்காரரின் விரலிற் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுப்போரும் ஏன் என்ற கேள்வி, திறைசேரிக் கணக்கரின் நாற்காலியில் இருந்து பார்த்தால் மிக நியாயமானது. அக்கணக்கரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. நாம் அங்கிருந்தாலும் அதையே கேட்டிருப்போம். 1964இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் தளர்ந்தது. சேனைப் பயிர் செய்யவும் மாணிக்கம் அகழவும் காடு புகுந்தோர் கிருமியைச் சுமந்து ஊருக்கு ஊர் சென்றனர். மாணிக்கக் குழிகளில் தேங்கிய நீர் நுளம்புக்கு இடமளித்தது. 1968இல் 440,644 பேர்; 1969இல் 537,705 பேர். மீண்டும் மருந்தெடுத்தபோது நுளம்பு டி. டி. ரி.க்குப் பழகத் தொடங்கியிருந்தது. 1977இல் அதனைக் கைவிட்டு, விலை கூடிய மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த பணம் வட்டியோடு வெளியேறியது.

அதன்பின் நோய் ஏறுவதும் இறங்குவதுமாய் இருந்தது. உள்நாட்டு யுத்தக் காலத்தில் வடக்கு, கிழக்கு மக்களே பெரிதும் வருந்தினர். 1999இல் நாடு முழுவதிலும் 264,549 பேர் நோயுற்றனர். எனினும் தடுப்பு வேலை அற்றுப்போகவில்லை. போர்முனையின் இருபுறத்தும் மருந்தும் நுளம்பு வலையும் சேர்ந்தன. எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கான உலக நிதியமும் பிற்காலத்தில் கைகொடுத்தது. உள்ளூரில் தொற்றிய நோயாளர் ஒருவரும் இல்லை என்ற நிலை 2012 ஒக்டோபருக்குப் பின் ஏற்பட்டது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது.

சான்றிதழ் பெற்றதும் பழைய கேள்வியும் உடன் வந்தது. நோயாளர் இல்லாத நாட்டுக்கு அயலார் நிதி நெடுங்காலம் வாராது. நம் பணத்தையே போடவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் போடவேண்டும். வெளிநாட்டிலிருந்து கிருமியோடு வருவோர் ஆண்டுதோறும் உளர். அவர்களைத் தேடிப் பிடித்துக் குணமாக்குவதும் இச்செலவினாலேயே நடைபெறுகிறது.

அதே 2016 டிசம்பரில், மன்னார்த் தீவில் வழக்கமான பரிசோதனைக்குச் சென்ற ஊழியர் நீரை அள்ளிப் பார்த்தனர். அதில் இருந்த நுளம்புக் குடம்பிகள் இந்நாட்டில் அதுவரை காணப்படாத இனம். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் 'அனோபிலிஸ் ஸ்டீபன்சி' என்பது அது. ஆற்றுக் குட்டை அதற்கு வேண்டியதில்லை; கிணறும் நீர்த்தொட்டியும் போதும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. சான்றிதழுக்கும் இக்கண்டுபிடிப்புக்கும் இடையே இருந்தவை நான்கு மாதங்கள்கூட இல்லை. நோயாளர் ஒருவரும் இல்லாத ஊரில், அரசாங்கச் சம்பளம் பெற்றுக்கொண்டு, கிணறு கிணறாக எட்டிப்பார்க்க அன்று ஊழியர் சிலர் இருந்தனர்.