தென்னிந்தியப் புரட்சி (1800–1801)

தென்னிந்தியப் புரட்சி என்பது 1800, 1801 ஆகிய ஆண்டுகளில் தமிழகத்தின் தென்பகுதிகளில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆதிக்கத்தை எதிர்த்து நடைபெற்ற ஆயுதக் கிளர்ச்சியாகும். சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்கள், பாஞ்சாலங்குறிச்சியின் ஊமைத்துரை, விருப்பாட்சியின் கோபால நாயக்கர் ஆகியோர் இதன் முதன்மைத் தலைவர்கள் ஆவர். முந்தைய பாளையக்காரர் போர்களைப் போலன்றி, சாதி, சமய, வட்டார வேறுபாடின்றிப் பொதுமக்கள் அனைவரையும் அந்நியருக்கு எதிராக வெளிப்படையாக அழைத்தமை இதன் சிறப்பாகும்.

பின்னணி

ஆற்காட்டு நவாபு தாம் கம்பனியிடம் பட்ட கடனுக்கு ஈடாக வரி வசூலிக்கும் உரிமையைப் படிப்படியாக அதனிடம் இழந்தார். 1792 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையங்களின் கப்பத்தை வசூலிக்கும் அதிகாரம் கம்பனியிடம் சென்றது. வரியைக் கேட்பவர் மாறியதோடு, வாரிசுரிமையிலும் படை வைத்துக்கொள்ளும் உரிமையிலும் கம்பனி தலையிட்டது. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இதனால் அடங்கும் என எதிர்பார்க்கப்பட்ட எதிர்ப்பு, மதுரைக்குக் கிழக்கே சிவகங்கையிலும் வடக்கே திண்டுக்கல் பகுதியிலும் கூட்டணியாக உருவெடுத்தது.

புரட்சியின் தொடக்கம்

1800 சூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்த கம்பனியின் படைமுகாமைத் தாக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சி தோல்வியுற்றது. பிடிபட்ட பலர் தூக்கிலிடப்பட்டனர். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் கட்டினார். மே மாதம் அக்கோட்டை வீழ்ந்ததும் அவருக்குச் சின்ன மருது சிறுவயலில் அடைக்கலம் அளித்தார். அவரை ஒப்படைக்குமாறு கம்பனி கேட்டது. சின்ன மருது மறுத்ததால் போர் சிவகங்கைக்குப் பரவியது.

திருச்சிராப்பள்ளிப் பிரகடனம்

1801 சூனில் சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்டது. இது சம்புத்தீவுப் பிரகடனம் எனவும் அழைக்கப்படுகிறது. பிராமணர் முதல் முசுலிம்கள் வரை அனைவரையும் விளித்து, ஐரோப்பியர் ஆட்சியில் மக்கள் வறுமையுற்றதற்கு ஒற்றுமையின்மையே காரணம் என்று அது கூறியது. கம்பனிப் படையிலிருந்த உள்நாட்டுச் சிப்பாய்களையும் அது அழைத்தது.

சீனாவில் 1899–1901 இல் நடந்த பாக்சர் கிளர்ச்சியும் அந்நியரை வெளியேற்றக் கோரிய மக்கள் எழுச்சியே. ஆனால் அது கிறித்தவரான சீனர்களையும் தாக்கியது. மருதுவின் அறிக்கையோ சமயம் கடந்து மக்களை ஒன்றுசேர அழைத்தது.

போரின் போக்கு

வேல், வாள், வளரி ஆகியவற்றுடன் காடுகளில் மறைந்திருந்து தாக்குவது கிளர்ச்சியாளர்களின் முறையாக இருந்தது. புதுக்கோட்டை, எட்டயபுரம் ஆட்சியாளர்கள் கம்பனியின் பக்கம் நின்றனர். கம்பனி படமாத்தூர் கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவரைச் சிவகங்கையின் உரிமையாளராக அங்கீகரித்து, மருது சகோதரர்களின் ஆதரவைக் குறைக்க முயன்றது. காளையார்கோவில் காட்டை வெட்டிப் பாதை அமைக்க கர்னல் அக்னியூ எடுத்த முயற்சி நீண்டகாலம் தடுக்கப்பட்டது. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது.

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் கொல்லப்பட்டார். 1802 இல் 73 பேர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

விளைவுகள்

1801 சூலை 31 ஆம் நாள் ஒப்பந்தத்தால் கர்நாடகப் பகுதியின் ஆட்சி கம்பனியிடம் சென்றது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, மக்கள் ஆயுதம் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. பாளையங்கள் பல சமீன்களாக மாறின.

மதிப்பீடு

மதுரையில் பணியாற்றிய வரலாற்றாய்வாளர் கே. ராஜய்யன் 1971 இல் வெளியிட்ட நூலில் இதனை முதல் விடுதலைப் போர் என்று குறிப்பிட்டார். மருது சகோதரர்களுடன் பழகி, பின்னர் அவர்களுக்கு எதிராகப் போரிட்ட கம்பனி அதிகாரி சேம்சு வெல்சு, சின்ன மருதுவே தமக்கு வேலெறியவும் வளரி வீசவும் கற்பித்ததாக 1830 இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.