1988 சனாதிபதித் தேர்தலும் கல்முனைக் கரையோரமும்

தேர்தலொன்றின் வரலாறு வாக்கெண்ணிக்கையுடன் முற்றுப்பெறுவதில்லை. வெற்றியின் பொருட்டு எவருடன் எத்தகைய உடன்பாடு காணப்பட்டது, அவ்வுடன்பாடு சட்டத்தில் இடம்பெற்றதா, வாக்குறுதியளவில் நின்றதா என்பனவும் ஆராயற்பாலன. 1988 டிசம்பர் 19 ஆம் நாள் நடைபெற்ற இலங்கைச் சனாதிபதித் தேர்தல் இவ்வகையில் சிறப்பாக நோக்கத்தக்கது.

வடக்குக் கிழக்கில் போரும் தெற்கில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியும் நிலவிய காலம் அது. 1982 இல் 81 சதவீதமானோர் வாக்களித்திருக்க, 1988 இல் வாக்களித்தோர் 55.3 சதவீதமே. ரணசிங்க பிரேமதாச 25,69,199 வாக்குகளையும், சிறிமாவோ பண்டாரநாயக்க 22,89,860 வாக்குகளையும் பெற்றனர். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்குமேல் பெறுபவரே முதற் கணிப்பில் வெற்றியடைவர் என்பது சட்டம். பிரேமதாச அவ்வெல்லையைச் சற்றேறக்குறைய 21,800 வாக்குகளாலேயே கடந்தார். எனவே, எந்தவொரு சிறு சமூகத்தின் ஆதரவும் அத்தேர்தலில் அற்பமானதன்று.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் கரையோர ஊர்களின் முஸ்லிம்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வேளாண்மை, மீன்பிடி, நெசவு என்பவற்றால் வாழ்பவர்கள். கொழும்பின் வணிகத் தலைமை இவர்தம் நலன்களை முழுமையாகப் பிரதிபலிக்கவில்லை என்பதை அக்கரைப்பற்றில் கள ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே எடுத்துக்காட்டியுள்ளார். நெடுங்காலம் பெருங்கட்சிகளுக்குள்ளேயே இயங்கிவந்த இப்பகுதி அரசியலை எம்.எச்.எம். அஷ்ரஃப் வேறு திசைக்குத் திருப்பினார். 1981 இல் காத்தான்குடியில் தோன்றிய ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ், 1988 நவம்பரில் வடக்குக் கிழக்கு மாகாண சபையில் 17 ஆசனங்களை வென்றது.

அடுத்த மாதமே சனாதிபதித் தேர்தல் வந்தது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, ஒரு மாவட்டத்தில் 12.5 சதவீத வாக்குகளைப் பெறாத கட்சிக்கு அங்கு பாராளுமன்ற ஆசனம் இல்லை. இவ்வெட்டுப்புள்ளியை 5 சதவீதமாகக் குறைப்பதே பிரேமதாசவை ஆதரிப்பதற்கு அஷ்ரஃப் விதித்த நிபந்தனை என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. வாக்களிப்புக்கு இரு நாள்கள் முன்னதாக, டிசம்பர் 17 இல், பதினைந்தாவது திருத்தம் சட்டமாயிற்று. முஸ்லிம்கள் செறிந்து வாழும் திகாமடுல்லையில் பழைய எல்லையும் பெருந்தடையன்று; புதிய எல்லையின் பயன் அவர்கள் சிதறி வாழும் ஏனைய மாவட்டங்களுக்கே மிகுதி என்பது ஈண்டு கருதற்பாலது.

இத்தேர்தல் முறைபற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. டொனால்ட் ஹொரோவிற்ஸ், விருப்பு வாக்கு முறை வேட்பாளரைப் பிற இனத்தவரின் ஆதரவை நாடச் செய்யும் என மதிப்பிட்டார். விருப்பு வாக்குகளை எண்ணவேண்டிய நிலையே எழவில்லை என்பதைப் பெஞ்சமின் ரைலி போன்றோர் சுட்டினர். 1988 இன் நிகழ்வுகளை நோக்குமிடத்து, சிறுபான்மையினருக்குப் பயன் தந்தது வாக்குச்சீட்டின் இரண்டாம் விருப்பன்று. தேர்தலுக்கு முன் செய்துகொண்ட பேரமே எனலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் 1876 ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்கு மறுதலையானது. ஹேய்ஸ், டில்டன் ஆகியோரிடையே பிணக்குற்ற 20 தேர்வாளர் வாக்குகளைப் பதினைவர் கொண்ட ஆணைக்குழு 8க்கு 7 என்ற பெரும்பான்மையால் ஹேய்ஸுக்கு அளித்தது. 1877 இல் தென் மாநில அரசுகளுக்குக் காவலாய் நின்ற படைகள் விலக்கப்பட்டன. கறுப்பின மக்கள் பாதுகாப்பிழந்தனர். இதன் பின்னணியில் ஓர் உடன்பாடு இருந்ததென வரலாற்றாசிரியர் வான் வூட்வேட் 1951 இல் வாதிட்டார்; அத்தகைய உடன்பாடு உண்மையில் இருந்ததா எனப் பின்வந்தோர் ஐயுற்றனர். எவ்வாறாயினும், அங்கு சிறுபான்மையினர் பேசப்பட்ட பொருளாயினர். கல்முனைக் கரையோரத்தாரோ பேசும் தரப்பாயினர்.

வன்முறையையும் அச்சுறுத்தலையும் காட்டிச் சிறிமாவோ தாக்கல்செய்த தேர்தல் மனுவை உயர் நீதிமன்றம் 1992 செப்டெம்பரிலேயே தள்ளுபடி செய்தது. பதவிக்காலத்தின் பெரும்பகுதி அதற்குள் கழிந்திருந்தது. எட்டு மாதங்களில் பிரேமதாச கொலையுண்டார். வென்றவர் மறைந்தார், வெட்டுப்புள்ளி நிலைத்தது. 1989 இல் முஸ்லிம் காங்கிரஸ் நான்கு ஆசனங்களைப் பெற்றது. அஷ்ரஃப் திகாமடுல்லையிலிருந்து தெரிவானார். 1988 வாக்களிப்பைத் தடுக்க முயன்ற மக்கள் விடுதலை முன்னணியும் 2000 இல் பத்து ஆசனங்களை வெல்வதற்கு அதே தாழ்ந்த எல்லை துணைநின்றது. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 இல் சனாதிபதியானபோதே இரண்டாம் விருப்பு வாக்குகள் முதன்முறையாக எண்ணப்பட்டன.

இவ்வெல்லையை மீண்டும் 12.5 ஆக்கும் சட்டமூலமொன்று 2020 இல் முன்வைக்கப்பட்டு நிறைவேறாது போயிற்று. எனினும், அம்முயற்சி இறுதியானதெனக் கொள்ளற்கில்லை. ஒரு சமூகம் தனக்கெனப் பெற்ற விதி, கேளாதவர்க்கும் பகைத்தவர்க்கும் பயன்பட்டுள்ளது. அதனைக் காக்கும் கடமையும் கல்முனைக் கரையோரத்தார்க்கு மட்டும் உரியதன்று.