விக்கிப்பீடியாவும் புதிய பங்களிப்பாளரும்

2000-ஆம் ஆண்டில் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் தொடங்கிய நூபீடியா, எழுதுவதற்கு அறிஞர்களையே நாடியது. ஒவ்வொரு கட்டுரையும் 7 கட்டச் சரிபார்ப்பைக் கடக்க வேண்டும். 2003-இல் அது மூடப்பட்டபோது முடிந்திருந்த கட்டுரைகள் 30-ஐக்கூடத் தொடவில்லை.

இடையில், 2001 சனவரியில் வந்த விக்கிப்பீடியா, யாரும் எழுதலாம், பிழையைப் பிறர் திருத்துவர் என்று முறையையே தலைகீழாக்கியது. பழைய வடிவங்கள் வரலாற்றுப் பக்கத்தில் பத்திரமாக இருப்பதால், கட்டுரையைக் கெடுத்துவிடுவோமோ என்று புதியவர் அஞ்சத் தேவையில்லை.

கதவு திறந்ததே தவிர, உள்ளே வந்தவருக்குச் சொல்லித்தர ஆள் போதவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-க்குப் பின் தொடர்ந்து தொகுப்போர் குறைந்தனர். நல்லெண்ணத்தோடு செய்த தொகுப்புகளும் உடனுக்குடன் நீக்கப்பட்டது அதற்கு ஒரு காரணம் என ஆய்வாளர்கள் காட்டினர். புதியவர்கள் தயங்காமல் கேட்பதற்கென்றே 2012-இல் அங்கு ‘தேநீர்க் கூடம்’ அமைந்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. மணல்தொட்டியில் எழுதிப் பழகலாம், ஐயங்களை ஒத்தாசைப் பக்கத்தில் கேட்கலாம், பொது உரையாடலுக்கு ஆலமரத்தடி உண்டு (பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும்!). புதியவர் பெரும்பாலும் தடுமாறுவது சான்றில்தான். சொந்த ஊரைப் பற்றி ஆர்வமாக எழுதுவார். செய்தி எங்கே கிடைத்தது என்று குறிப்பிடமாட்டார். உடனே நீக்கல் வார்ப்புரு இடாமல், எந்த வரிக்குச் சான்று தேவை என்று அவருடைய பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினால், நூலகத்தில் தேடியாவது கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள்.