மேகத்துக்கு மேலே – 17: மக்காச்சோளக் கொல்லையில் ஒரு கணக்கு

வான்கார்டு-2 செயற்கைக்கோள் ஆடிக்கொண்டே பூமியைச் சுற்றியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் 1960 ஏப்ரல் 1, வானிலைச் செயற்கைக்கோள் டைரோஸ்-1 என்று வாக்கும் கொடுத்திருந்தேன். வருவோம். வழியில் ஒருத்தர் நிற்கிறார். அவரிடம் நாலு வார்த்தை பேசாமல் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை.

வெர்னர் சுவோமி. மின்னசோட்டாவில் எவெலெத் என்கிற இரும்புச் சுரங்க ஊரில் 1915-ல் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராஸ்பியின் வானிலைப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். (ராஸ்பி புராணம் ஏழாம் அத்தியாயத்திலேயே பாடியாகிவிட்டது.) 1948-ல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனுக்குப் போனவர், கடைசிவரை அந்த ஊரை விடவில்லை.

1953-ல் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது புயலும் இல்லை, பனிப்பொழிவும் இல்லை, மக்காச்சோளக் கொல்லை. வெயிலாக உள்ளே வரும் வெப்பம் எவ்வளவு, அதில் நீரை ஆவியாக்கப் போவது எவ்வளவு, மண்ணுக்குள் இறங்குவது எவ்வளவு, காற்றைச் சூடாக்குவது எவ்வளவு, வானத்துக்கே திரும்பிப் போவது எவ்வளவு என்று ஒரு வயலுக்கு வரவு செலவு எழுதினார். இதைக் கேட்டு அன்று யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு கொல்லைக்கு எழுதிய கணக்கைப் பூமி முழுவதற்கும் எழுதினால் என்ன என்று கேட்கத் தெரிந்தவரும் அவர்தான். காற்று வீசுவதே வெப்பம் ஓரிடத்தில் மிஞ்சி இன்னோரிடத்தில் குறைவதால்தான். அந்தக் கணக்கை எழுத பூமிக்கு வெளியே போய் நின்று பார்க்க வேண்டும். 1957-ல் செயற்கைக்கோள் பறந்த பிறகு அதற்கும் வழி பிறந்துவிட்டது.

அவரும் பொறியாளர் ராபர்ட் பேரன்டும் சேர்ந்து செய்த கருவியை இன்று பார்த்தால் சிரிப்பு வரும். உலோகத்தில் சின்னச் சின்ன அரை உருண்டைகள், சிலதுக்குக் கறுப்புப் பூச்சு, சிலதுக்கு வெள்ளை. ஒவ்வொன்றும் கண்ணாடிப் பரப்பின்மேல் ஒட்டினாற்போல நிற்கும். பிம்பத்தோடு சேர்த்து முழு உருண்டையாகிவிடும். கறுப்பு, வருவதையெல்லாம் விழுங்கும். வெள்ளை, வெயிலைத் தள்ளிவிட்டு பூமி வெளியிடும் அகச்சிவப்பை மட்டும் ஏற்கும். இரண்டின் சூட்டையும் அளந்தால், வெயில் எவ்வளவு, பூமி திருப்பி அனுப்பியது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். மொத்தக் கருவியும் இவ்வளவுதான்.

1959 ஜூன் 22 அன்று வான்கார்டு ராக்கெட்டில் ஏற்றினார்கள். இரண்டாம் கட்டம் காலை வாரியது. கருவி அட்லாண்டிக்கில் மூழ்கியது. ஜூலை 16 அன்று ஜூனோ-2 ராக்கெட். மேலே கிளம்பி ஐந்தாறு வினாடிக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாதுகாப்பு அதிகாரி வெடிக்க வைத்துவிட்டார். நாலு வாரத்துக்குள் இரண்டு சாவு. இன்னொருத்தராக இருந்தால் கொல்லைப் பக்கமே திரும்பிப் போயிருப்பார். சுவோமி மூன்றாவதாக ஒன்றைத் தயாராக்கினார். அக்டோபர் 13 அன்று எக்ஸ்ப்ளோரர்-7 பாதையில் நின்றது.

வந்த எண்களை வானிலை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். உயரமான, குளிர்ந்த மேகம் கவிந்த இடத்தில் வெளியேறும் வெப்பம் குறைந்திருந்தது; வானம் வெளுத்த இடத்தில் கூடியிருந்தது. ஒரு படம்கூட எடுக்காமல், இருட்டிலும் மேகத்தைக் கண்டுபிடித்துவிட்டது அந்தக் கறுப்பு உருண்டை. டைரோஸுக்கு ஐந்தரை மாதம் முன்னால்!

சரி, டைரோஸ். கேப் கனாவரலில் கிளம்பியது, இரண்டு தொலைக்காட்சிக் கேமரா, 78 நாள் ஆயுள், 22,952 படங்கள். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பலரும் சொல்லாமல் விடுவது, அதன் அச்சு விண்வெளியில் ஒரே திசையைப் பார்த்தபடி இருந்ததால், ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கு மேல் கேமரா வெறும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பது. கிடைத்த படங்களைப் பார்த்து மேக எல்லைகளைக் கையால் வரைந்து ஃபேக்ஸில் அனுப்பினார்கள். முன்னறிவிப்பாளருக்கு அது உதவாமல் இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத கடலில் சுழல் ஒன்று கிளம்பினால் தெரிந்துவிடும். ஆனால் கணினியில் சமன்பாடு ஓட்டுகிறவருக்கு வேண்டியது எண். காற்று எந்தத் திசை, என்ன வேகம், வெப்பநிலை எவ்வளவு? படம் அதைச் சொல்லாது. வரலாற்றில் முதல் நாற்காலியைக் கேமராக்காரர்களுக்குப் போட்டுவிட்டு சுவோமியைத் திண்ணையில் உட்கார வைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இதனால்தான். அவர் செயற்கைக்கோளை வேடிக்கை பார்க்கும் கண்ணாக நினைக்காமல் அளக்கும் கருவியாகவே நினைத்தார்.

கேமராவைக் கையில் எடுத்தபோதும் அப்படித்தான். 1960-களின் நடுவில் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் ஏ.டி.எஸ்-1 தயாராகிக்கொண்டிருந்தது. நிலை குலையாமலிருக்க அது நிமிடத்துக்கு நூறு முறை சுழலும். சுழல்கிற வண்டியிலிருந்து எப்படிப் படம் எடுப்பது? சுவோமி அந்தச் சுழற்சியையே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் தொலைநோக்கி பூமியின் மேல் ஒரு கோடு இழுக்கும். அடுத்த சுற்றுக்கு ஒரு துளி சரியும். பாய் முடைகிறவர் கோரை மேல் கோரை வைப்பதுபோல, இரண்டாயிரம் கோடுகளில், இருபது நிமிடத்தில், பூமியின் ஒரு முகம் முழுசாக வந்துவிடும். 1966 டிசம்பரில் பசிபிக் கடலுக்கு மேல் அது வேலையைத் தொடங்கியது.

இருபது நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் அடுக்கி ஓடவிட்டால் சினிமா. சூறாவளி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிகாகோவின் டெட் ஃபுஜிதா அப்படித்தான் ஓட்டிப் பார்த்தார். மேகம் நகர்ந்தது. நேற்றைய டைரோஸில் செயற்கைக்கோளும் நகர்ந்தது, மேகமும் நகர்ந்தது, எது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் தவித்தார்கள். இப்போது நகர்வது மேகம் மட்டும். அது போன தூரத்தை நேரத்தால் வகுத்தால் காற்றின் வேகம்! பலூன் விட ஒரு தீவுகூட இல்லாத நடுக்கடலில் காற்று கிடைத்துவிட்டது. நவம்பர் மாதம் சென்னை வீடுகளில் கண்கொட்டாமல் பார்க்கும் மேகச்சுழல் படத்துக்குப் பாட்டன் இதுதான்.

மேடிசனில் சுவோமியின் ஆட்கள் மேகத்தைத் திரையில் குறிவைத்து வேகம் எடுக்கும் மேக்கிடாஸ் என்ற கணினி ஏற்பாட்டை 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். 1979-ல் உலகமே சேர்ந்து ஒரு வருஷம் பூமியின் காற்றை அளந்தபோது, இந்தியப் பெருங்கடலுக்கு மேல் நிற்க வேண்டிய சோவியத் செயற்கைக்கோள் தயாராகவில்லை. அமெரிக்கா தன்னுடைய கோஸ்-1-ஐ நகர்த்திக் கொண்டுவந்து நம் கடலுக்கு மேல் நிறுத்தியது. அந்தப் படங்களிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிரித்தெடுத்தது மேடிசன்.

அடுத்த வாரம் ஒன்பது வருஷம் பின்னால் போகிறோம். 1970 நவம்பர், கிழக்குப் பாகிஸ்தான், போலா தீவு. புயல் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்துதான் இருந்தது.

(தொடரும்)