கூடு திரும்பும் புறா

மூங்கில் கூடையில் அடைபட்டு, இரவெல்லாம் ரயிலிலோ லாரியிலோ பிரயாணம் செய்து, முன்பின் கண்டிராத ஓர் ஊரில் விடியற்காலையில் திறந்துவிடப்பட்ட புறா, வானில் சில வட்டங்கள் அடித்துவிட்டு, நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தன் கூட்டைத் தேடி அன்று பொழுது சாய்வதற்குள் வந்து இறங்கிவிடுகிறதே, அது எப்படி என்ற கேள்வி மிகப் பழையது. விடைக்குக் காத்திராமலே மனிதன் அந்தச் சக்தியை அஞ்சலுக்கும் யுத்தத்துக்கும், பிறகு பந்தயத்துக்கும் பயன்படுத்திக்கொண்டான்.

பந்தயப் புறாவின் தாயகம் பெல்ஜியம். லியேஜ், ஆன்ட்வெர்ப் நகரங்களைச் சுற்றியிருந்த புறா அபிமானிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஜாதிப் பறவைகளைக் கலந்து, நெடுந்தூரம் சளைக்காமல் பறக்கும் ஓர் இனத்தை உருவாக்கினார்கள். 1850-இல் ஆகன் நகரத்துக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே தந்திக் கம்பி எட்டாத தூரத்தை, பிற்காலத்தில் பெரிய செய்தி ஸ்தாபனம் கண்ட ராய்ட்டர் புறாக்களைக் கொண்டே கடந்தார். 1870-இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது, நகரத்துப் புறாக்கள் பலூனில் வெளியே அனுப்பப்பட்டு, நுண்ணிய புகைப்படத் தகடுகளில் ஆயிரக்கணக்கான கடிதங்களைச் சுமந்து திரும்பவும் உள்ளே பறக்க விடப்பட்டன. அவ்வாறு விடப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் அறுபதுகூட வந்து சேரவில்லை. கடுங்குளிரும் மூடுபனியும் வல்லூறும் வழிமறித்தன. அந்தச் சில பறவைகளுக்காக முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு பெருநகரமே அண்ணாந்து காத்திருந்தது என்பதை நினைக்கும்போது மனம் உருகுகிறது.

பெல்ஜிய இனத்துக்கு நம் தேசத்திலும் ஒரு சரித்திரம் உண்டு. ராணுவத்திடமிருந்து பெற்ற புறாக்களைக் கொண்டு 1946-இல் ஒரிஸ்ஸா போலீஸார் தொடங்கிய புறா அஞ்சல், மலைப் பிரதேசமான கோராபுட்டில் முதலில் நடந்தது. 1948-இல் ஜவஹர்லால் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்கிற்கு அனுப்பிய செய்தியும் புறாவின் காலில் கட்டியே சென்றது. அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் இருபதினாயிரம் புறாக்கள் இருந்ததாக அயினி அக்பரி என்ற நூல் கூறுகிறதே என்று கேட்கலாம். அங்கே பெரிதும் ரசிக்கப்பட்டது வானத்தில் சுழன்று குட்டிக்கரணம் போடும் வித்தை. வடசென்னையின் மொட்டை மாடிகளில் இன்றும் கரணம் போடும் கர்ணப் புறாவையும், கூடு திரும்பும் இனமான ஹோமரையும் தனித்தனியாகவே வளர்க்கிறார்கள்.

ஹோமர் பந்தயத்தில் புறப்படும் இடம் எல்லாப் பறவைகளுக்கும் ஒன்று. முடியும் இடமோ அவரவர் வீட்டுப் புறாக்கூடு. ஆகையால் முதலில் வந்தது எது என்பது கணக்கில்லை. ஒவ்வொரு கூட்டின் தூரத்தையும் நுட்பமாக அளந்து வைத்து, அதைப் பறந்த நேரத்தால் வகுத்து, நிமிஷத்துக்கு இத்தனை மீட்டர் என்று கண்ட வேகமே வெற்றியைத் தீர்மானிக்கிறது. மின்சாதனங்கள் வருமுன், புறாவின் காலில் ரப்பர் வளையம் ஒன்று இட்டிருப்பார்கள். பறவை கூட்டுக்குள் நுழைந்ததும் சொந்தக்காரர் அதைக் கழற்றி, முத்திரையிட்ட கடிகாரத்துக்குள் போட்டால்தான் நேரம் பதிவாகும். நூறு காதம் கடந்து வந்த புறா கூரைமேல் உட்கார்ந்து இறகு கோதத் தொடங்கிவிட்டால் பரிசு கைநழுவிப் போகும். தானிய டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி அதைக் கெஞ்சி அழைக்கும் அந்த நிமிஷங்களில்தான் பந்தயத்தின் உயிரே இருக்கிறது என்பேன். இதே ஆர்வத்தின் விலைதான், 2020-இல் ஒரு பெல்ஜியப் பெட்டைப் புறா ஏலத்தில் 16 லட்சம் யூரோவுக்குப் போனது.

ஏன் திரும்புகிறது என்பதைப் பந்தயக்காரர்கள் பண்டிதர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். புறா ஜோடி பிரியாதது; சேவலும் பெட்டையும் முறைவைத்து அடைகாத்து, தம் கழுத்திலுள்ள தீனிப்பையில் சுரக்கும் பாலையே குஞ்சுக்கு ஊட்டுகின்றன. இந்தப் பற்றைத் தெரிந்துகொண்டே, வாரம் முழுவதும் சேவலைத் துணையிடமிருந்து பிரித்து வைத்து, பந்தயத்துக்குப் புறப்படுமுன் சிறிது நேரம் மட்டும் பெட்டையைக் காட்டிக் கூடையில் ஏற்றுகிற வழக்கம் பெல்ஜியத்தில் வேரூன்றியது. அது பலன் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சிற்றுயிரின் அன்பை இவ்வாறு இழுத்துப் பிடித்து விடுவதை என்னால் முழு மனத்தோடு மெச்ச இயலவில்லை. முட்டையின்மேல் அமர்ந்திருந்த புறாவை அனுப்பும் பழைய முறையே எனக்கு உவப்பானது.

எப்படித் திரும்புகிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களைத் திணற அடித்தது. சூரியனே திசைகாட்டி என்று முதலில் கண்டார்கள்: செயற்கை வெளிச்சத்தில் வைத்து உடலின் காலக் கணக்கை ஆறு மணி நேரம் மாற்றிவிட்டால், புறா ஏறக்குறைய செங்கோண அளவுக்குத் திசை தவறிப் போகிறது. அப்படியானால் மேகமூட்டத்தில்? அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் கீட்டன் 1971-இல் புறாக்களின்மேல் சிறு காந்தங்களைப் பொருத்தி விட்டார். வெயிலில் அவை சரியாகவே திரும்பின, மேகம் மூடிய நாளில் தடுமாறின. சூரியன் மறைந்தபோது பூமியின் காந்தமே திசைகாட்டி என்று இதனால் தோன்றியது. ஏறக்குறைய அதே சமயம் இத்தாலியின் பீசாவில் பாப்பியும் சகாக்களும் மோப்ப நரம்பைத் துண்டித்த புறாக்கள், அறியாத இடத்திலிருந்து வழி காண மாட்டாமல் திகைத்ததைக் கண்டு, காற்றின் வாசனையே அவற்றுக்கு வரைபடம் என்றார்கள். உருவமே தெரியாதபடி மங்கிய கண்ணாடி வில்லைகளை அணிவித்து அனுப்பிய புறாக்களிலும் சில, கூட்டுக்கு ஓரிரு கிலோமீட்டர் அருகே வந்து இறங்கின என்பது எல்லாவற்றிலும் பெரிய வியப்பு. கண் தெளிவாக இருக்கும்போதோ, பழகிய பாதையில் அவை நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டியே பறப்பதை ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர்.

திசையை அறிவது ஒன்று, தான் நிற்கும் இடத்தை அறிவது மற்றொன்று. சூரியனும் காந்தமும் வடக்கு எது என்று சொல்லலாம். கூடு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்பதைச் சொல்ல மாட்டா. அந்த இரண்டாவது அறிவில் வாசனைக்குரிய பங்கை மறுப்போர் இன்று குறைவு. காந்த உணர்வு எந்த உறுப்பில் தங்கியிருக்கிறது என்பதோ இன்னும் பிடிபடவில்லை. அலகின் மேற்புறத்தில் இரும்புச்சத்துள்ள நரம்பணுக்கள் இருப்பதாகப் பல ஆண்டுகள் நம்பினார்கள். அவை நோய்க்கிருமிகளை விழுங்கும் சாதாரண இரத்த அணு வகையே என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. தேடல் இப்போது காதின் உட்புறத்தையும் கண்ணின் விழித்திரையையும் நோக்கித் திரும்பியிருக்கிறது.