ஊருக்குச் சிவப்பு அடிச்சது யாரு?

இன்னைக்கு நாம எடுத்துக்கப் போறது ஒரு இங்கிலீஷ் சொலவடை: 'பெயின்ட் த டவுன் ரெட்'. வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோட வெளிய போய், நாலு இடம் சுத்தி, சாப்பிட்டு, ஆடி, விடிய விடிய கொண்டாடினா அதை இப்படிச் சொல்வாங்க. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா, ஊருக்கே சிவப்பு பெயின்ட் அடிக்கிறதுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல 'ஊரையே ரெண்டாக்கிட்டாங்க'ன்னு சொல்றோம்ல, அது மாதிரி. நாம நிஜமா எந்த ஊரையும் ரெண்டாக்கினதில்ல. ஆனா இங்கிலாந்துல ஒரு ஊருக்கு நிஜமாவே சிவப்பு அடிச்சிருக்காங்க.

அந்த ஊர் பேரு மெல்டன் மோப்ரே. லெஸ்டர்ஷைர் மாவட்டத்துல இருக்குற சந்தை ஊர். 19-ஆம் நூற்றாண்டுல நரி வேட்டைக்கு ரொம்பப் பிரபலம். குளிர்காலம் முழுக்க பணக்கார இளைஞர்கள் குதிரைகளோட வந்து அங்கேயே தங்கிடுவாங்க. பகல்ல வேட்டை, ராத்திரி குடி.

1837 ஏப்ரல் 6. பக்கத்துல க்ராக்ஸ்டன் பார்க்ல குதிரைப் பந்தயம். அது முடிஞ்சு நல்லா குடிச்சிட்டு, நடுராத்திரி தாண்டி ஒரு கும்பல் ஊருக்குத் திரும்பி வருது. தலைவர், வாட்டர்ஃபோர்டின் 3-ஆவது மார்க்விஸ் ஹென்றி பெரஸ்ஃபோர்ட். அயர்லாந்து பிரபு, வயசு 25. வம்பு பண்றதுல அப்பவே பேர் எடுத்தவர்.

ஊருக்குள்ள நுழையுற இடத்துல தார்ப் எண்ட் டோல்கேட். கேட்டைத் திறக்கணும்னா காசு கொடுக்கணும். அன்னைக்கு அந்த டோல்கேட்ல ரிப்பேர் வேலை நடந்துட்டிருந்ததால, ஏணி, பிரஷ், சிவப்பு பெயின்ட் எல்லாம் அங்கேயே கிடந்தது. காசு கேட்ட காவலாளிக்குக் கிடைச்சது பெயின்ட் அபிஷேகம். கேட்டுக்கும் அடிச்சாங்க. அப்புறம் அதே பெயின்டைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள போனாங்க. வீட்டுக் கதவுகள், ஒயிட் ஸ்வான் விடுதி வாசல்ல இருந்த அன்னப்பறவை, எல்லாம் சிவப்பு. தடுக்க வந்த கான்ஸ்டபிளைக் கீழ தள்ளி அவருக்கும் பூசினாங்க. கூட்டத்துல ஒருத்தரைப் பிடிச்சு லாக்கப்ல போட்டதும், மத்தவங்க வந்து காவலர்களை மிரட்டி, அடிச்சு, அவரை வெளிய கொண்டு போயிட்டாங்க.

அடுத்த வருஷம், 1838-ல, டார்பி நீதிமன்றத்துல வழக்கு வந்தது. கலவரம் பண்ணாங்கன்ற குற்றச்சாட்டு நிக்கல. சாதாரணத் தாக்குதல்னு முடிவாகி, ஆளுக்கு 100 பவுண்டு அபராதம். அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஒரு விவசாயக் கூலியோட வாரச் சம்பளம் சுமார் 10 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அப்போ 100 பவுண்டுன்னா 200 வாரச் சம்பளம், கிட்டத்தட்ட நாலு வருஷ உழைப்பு. மார்க்விஸுக்கு அது ஒரு ராத்திரிச் செலவு, அவ்வளவுதான்.

சரி, சொலவடை பிறந்த கதை கிடைச்சாச்சுன்னு எபிசோடை முடிச்சுக்கலாமா? பல புத்தகங்களும் சுற்றுலாத் தளங்களும் அங்கதான் முடிச்சுக்குது. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. இந்தச் சம்பவம் அப்பவே பெரிய செய்தி. அதை வெச்சு 'எ ஸ்ப்ரீ அட் மெல்டன் மோப்ரே'ன்னு ஒரு அச்சுப்படம்கூட வந்தது. இன்னைக்கு 'ஷாப்பிங் ஸ்ப்ரீ'ன்னு சொல்றோமே, அதே 'ஸ்ப்ரீ'தான். அப்போ கும்மாளத்துக்கு அவங்க கைவசம் இருந்த வார்த்தை அது. 'பெயின்ட் த டவுன் ரெட்' அச்சுல கண்ணுல படுறது 1880-கள்லதான். அதுவும் இங்கிலாந்துல இல்ல, அமெரிக்கச் செய்தித்தாள்கள்ல. நடுவுல 45 வருஷத்துக்கு மேல இடைவெளி, ஒரு கடல் தூரம். மெல்டன் மோப்ரேல பிறந்த சொலவடைன்னா இத்தனை வருஷம் அது எங்க ஒளிஞ்சிருந்தது?

அதனால மொழி ஆய்வாளர்கள் பலர் இந்தக் கதையைச் சந்தேகத்தோடதான் பாக்குறாங்க. வேற விளக்கங்களும் உண்டு. குடிச்சா மூக்கு சிவக்குறதுல இருந்து வந்ததுன்னு ஒண்ணு, அமெரிக்க ஊர்கள்ல சிவப்பு விளக்கு எரிஞ்ச தெருக்கள்ல இருந்து வந்ததுன்னு இன்னொண்ணு. எதுக்கும் உறுதியான ஆதாரம் இல்ல.

அப்போ மெல்டன் மோப்ரே கதை மட்டும் ஏன் இவ்வளவு நாள் நிக்குது? அது நல்ல கதை, அதான் காரணம். தேதி இருக்கு, பிரபு இருக்காரு, பெயின்ட் டப்பா இருக்கு. ஒரு சொலவடையும் ஒரு சம்பவமும் இவ்வளவு அழகாப் பொருந்தினா, தேதியைச் சரிபார்க்க யாருக்கும் தோணாது. அடுத்த தடவை 'இந்த வார்த்தை எப்படி வந்தது தெரியுமா?'ன்னு ஒரு ஃபார்வர்ட் வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க: சம்பவம் நடந்தது எப்போ? வார்த்தை முதல்ல எழுத்துல வந்தது எப்போ? பாதிக் கதை அங்கேயே விழுந்துடும்.

எனக்கு இதுல இன்னொரு விஷயமும் உறுத்துது. இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க: பிரபு, போதை, பெயின்ட். ஆனா கொஞ்சம் அந்த டோல்கேட் காவலாளி பக்கம் நின்னு பாருங்க. நடுராத்திரி தூக்கத்துல எழுந்து வந்து, தன்னோட வேலையைச் செஞ்சவர். கட்டணம் கேட்டதுக்கு முகத்துல பெயின்ட். பிரபுவோட பேரு, பட்டம், 1859-ல வேட்டையில குதிரையிலிருந்து விழுந்து இறந்தது வரைக்கும் எல்லாம் சொல்லிடுறோம். காவலாளி எல்லாக் கதையிலும் வெறும் 'காவலாளி'தான்.

சொலவடை அங்க பிறக்காம இருக்கலாம். ஆனா அந்த ராத்திரி நடந்தது நிஜம். ஒருத்தரோட கொண்டாட்டத்தை மறுநாள் காலையில தேய்ச்சுக் கழுவினது வேற யாரோ. இந்த வீக்கெண்ட் நீங்களும் ஊரை ரெண்டாக்குங்க, தப்பே இல்ல. திரும்பி வர்ற வழியில கேட் திறந்துவிடுற செக்யூரிட்டி அண்ணனுக்கு மட்டும் ஒரு வணக்கம் வெச்சிட்டுப் போங்க.