றொக் பாடல்களுக்கு ஓர்கெஸ்ட்ரா துணையா, சுமையா?

பழைய றொக் பாடலொன்றை எடுத்து, அதற்கு வயலின், செல்லோ, ஊதுகருவிகள் எல்லாம் சேர்த்துப் பெரிய ஓர்கெஸ்ட்ராவோடு மறுபடி வெளியிடுவது இன்று தனியொரு வியாபாரமாகிவிட்டது. எல்விஸ் பிரெஸ்லி இறந்தது 1977இல். அவருடைய பழைய குரற்பதிவுகளோடு லண்டன் றோயல் பில்ஹார்மொனிக் ஓர்கெஸ்ட்ராவின் இசையை இணைத்து 2015இல் வெளியிட்ட அல்பம் பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்தது. அதன்பின் றோய் ஓர்பிசன், பீச் போய்ஸ் என்று வரிசை நீண்டது.

இந்தச் சேர்க்கை பாடலுக்கு நன்மையா, தீமையா? அந்தப் பாடலுக்குள் ஓர்கெஸ்ட்ராவுக்குச் செய்ய வேலை ஏதும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்பதே என் பதில்.

முதலில் ஒலியின் கணக்கைப் பார்ப்போம். றொக் இசையின் அடையாளம் மின்கிற்றாரின் கரகரப்பு. அது வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட ஒலி. ஒரு சுரத்தை மீட்டினாலும் அதோடு பல மேற்சுரங்கள் கிளம்பி ஒலிப்பரப்பின் நடுப்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. வயலினும் வியோலாவும் மனிதக் குரலும் குடியிருப்பதும் அதே இடத்தில்தான். ஆகவே கிற்றார் வாசிக்கும் வரியையே வயலின்களும் வாசித்தால் ஒன்று அவை காணாமற்போகும், அல்லது கிற்றாரின் கூர்மை மழுங்கும். தாளத்திலும் இதே சிக்கல் உண்டு. டிரம்ஸின் அடி ஒரு கணத்தில் விழுந்து முடிகிறது. வில்லால் இழுக்கும் சுரமோ மெல்ல எழுவது. பலர் சேர்ந்து இழுக்கும்போது அதன் விளிம்பு இன்னும் மென்மையாகிவிடும்.

இதனை நன்கு விளங்கிக்கொண்டவர் மைக்கல் கேமன். 1999 ஏப்ரலில் மெற்றாலிக்கா குழு சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு வாசித்த நிகழ்ச்சிக்கு இசையமைப்பை எழுதி நடத்தியவர் அவர். பல இடங்களில் கிற்றாரைப் பின்தொடராமல், அதற்கு எதிர்முகமாக வேறு மெட்டுகளை ஓர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்தார். அந்த இடங்கள்தான் இன்றும் நிற்கின்றன. கிற்றாரையே ஓர்கெஸ்ட்ராவும் இரட்டிக்கும் இடங்களில் சத்தம் பெருகுகிறதே தவிர, பாடல் பெருகவில்லை.

கெடுத்ததற்கு உதாரணமாக அடிக்கடி சொல்லப்படுவது பீட்டில்ஸின் ‘த லோங் அன்ட் வைன்டிங் றோட்’. 1970இல் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர், போல் மக்கார்ட்னியின் சம்மதமில்லாமல் அந்தப் பாடலில் ஓர்கெஸ்ட்ராவையும் பெண்குரல் குழுவையும் ஏற்றினார். மக்கார்ட்னி கொதித்துப்போனார். அந்தச் சேர்க்கை இல்லாத பதிவு 1996இல்தான் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பியானோவும் குரலும் ஏற்கெனவே சொல்லிமுடித்த துயரத்தை வயலின்கள் திரும்பவும் சொல்வது தெரியும்.

மறுபக்கத்தில் பீற்றர் கேப்ரியல் இருக்கிறார். 2010இல் அவர் பிறருடைய பாடல்களை மட்டும் பாடி ஓர் அல்பம் செய்தார். டிரம்ஸ் இல்லை, கிற்றார் இல்லை என்பது அவர் தனக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை. முதற்பாடல் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’. பெர்லின் சுவருக்கு அருகிலிருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் 1977இல் பதிவான பாடல் அது. சுவரருகே சந்திக்கும் காதலர்களைப் பற்றியது. மூலப்பதிவில் மூன்று ஒலிவாங்கிகளை வெவ்வேறு தூரங்களில் வைத்திருந்தார்கள். தூரத்திலுள்ளவை குரல் உயர்ந்தால்தான் திறக்கும். அதனால் போவி போகப்போகக் கத்த வேண்டியிருந்தது. அந்தக் கத்தல்தான் பாடலின் உயிர். கேப்ரியல் அதைப் பின்பற்றவில்லை. ஏறத்தாழ முணுமுணுப்பாகத் தொடங்குகிறார். குரல் தயங்கும் இடங்களில் நரம்புக்கருவிகள் மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்றுகின்றன. போவியிடம் அறைகூவலாக இருந்தது இங்கே பயமும் ஆசையும் கலந்த வேண்டுதலாகிறது. கிற்றார் விட்டுப்போன இடத்தை ஓர்கெஸ்ட்ரா எடுத்துக்கொண்டதால் அதற்கு வேலை இருந்தது.

எனக்கு இன்னும் முடிவுக்கு வரமுடியாத ஒரு பாடல் உண்டு: அயர்லாந்தின் கிரான்பெரீஸ் குழுவின் ‘சொம்பி’. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வொறிங்டன் நகரில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகளுக்கு இரண்டு சிறுவர்கள் பலியானார்கள். ஒருவருக்கு 3 வயது, மற்றவருக்கு 12. அந்தக் கோபத்தில் டொலோரஸ் ஓ’றியோர்டன் எழுதிய பாடல் 1994இல் வெளிவந்தது. தணிந்த குரலில் தொடங்கி, பல்லவியில் கிற்றார் இரைச்சலோடு வெடிக்கும். 2017இல் அதே குழு ஐரிஷ் சேம்பர் ஓர்கெஸ்ட்ராவின் நரம்புக்கருவிக் கலைஞர்களோடு அதை மறுபடி பதிவுசெய்தது. இரைச்சல் போய்விட்டது. எஞ்சியிருப்பது இழப்பு மட்டும்.

அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு உறுத்துவதும் அந்த அழகுதான். ஊடகத் தொழிலில் இந்த உறுத்தல் எனக்குப் பழக்கமானது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயொருவர் கமராவைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். தொகுப்பாளர் அதன் கீழே ஒரு வயலினைப் போட்டுவிடுகிறார். அந்தக் கணமே கேள்வி சோகமாக மாறிவிடுகிறது. பார்ப்பவர் கண்கலங்குவார், ஆனால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்று யோசிக்கமாட்டார். நரம்புக்கருவிகளுக்கு இந்த வல்லமை உண்டு. அவை கோபத்தைத் துயரமாக்கிவிடும். துயரத்தோடு சமாதானமாகிவிடுவது சுலபம்.

ஆனாலும் 2017 பதிவை நான் ஒதுக்கிவிடவில்லை. பாடியவர் அதே பெண், பாடலை எழுதியவரும் அவரே. இருபது வருடங்களுக்குப் பிறகு தன் கோபத்தைத் தணிக்க அவருக்கு உரிமை இருக்கிறது. வேறொருவர் வந்து தணிப்பதற்கு அந்த உரிமை இல்லை. ஓர்கெஸ்ட்ரா சேர்த்த எந்தப் பாடலைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மூலப்பாடலில் இருந்த கோபம் எங்கே போனது, அதை எடுத்தது யார்?